மதினி கேட்டு வாங்கிய படிகள்

அந்த முறை அண்ணன் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு சைக்கிள். கூரையைத் தாங்கி நின்ற இரும்புக் குழாயோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற சைக்கிள். புதுசு, ஆனால் முன்சக்கரம் கோணியிருந்தது. திருட்டுக்குப் பயந்து பூட்டியதில்லை என்பது பூட்டைப் பார்த்ததும் தெரிந்தது. அண்ணன் சுமை தூக்குகிற ஏலக்காய்க் குடோனில் ஷட்டருக்குப் போடும் பூட்டு அது; வீட்டு ஆளே எடுத்து ஓட்டக் கூடாதென்று போட்டது. பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் அண்ணன் மகள் வாசலில் முழங்கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா லீவா?" என்றேன். "சைக்கிளுக்குத்தான் சித்தப்பா லீவு. எனக்கு என்னன்னு அப்பாதான் சொல்லணும்" என்றாள்.

நான் ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. பெரிய காரணம் எதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் தூரம். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தால் போக முடியாது. போகாமல் இருந்து அதுவே பழகிவிட்டது. பிறகு லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, சூரத்தில் குழி தோண்டிக் குழாய் பதிக்கிற வேலை. சில நாள் சாப்பாடு இருக்கும், சில நாள் இருக்காது. எந்த ஊரிலும் என் காலுக்கென்று யாரும் வழி போட்டு வைத்திருக்கவில்லை. அது ஒரு குறை என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. அதைக் குறையென்று முதலில் சொன்னது மதினிதான். அண்ணன் மனைவி. இதை எழுதுவதே அவரைப் பற்றிச் சொல்லத்தான்.

எங்கள் தெரு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஊர், பள்ளிக்கூடம், கடைவீதி எல்லாம் இந்தப் பக்கம். பழைய ரயில் நின்று, தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபின் அந்தப் பாதை வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது. நாங்கள் அதன் குறுக்கே நடந்தோம், அதன் மேலேயே சைக்கிள் ஓட்டினோம், பெண் அழைப்பு ஊர்வலம்கூட அதில் போயிருக்கிறது. அது ரயில் போகிற இடம் என்பதே மறந்துபோனது. அந்தத் தைரியத்தில்தான் தெரு வளர்ந்தது. வேறு வழி வேண்டும் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. புது ரயில் வந்த அன்று தெருவே திரண்டு போய்க் கையசைத்தது. மதினி ஓட்டுநருக்கு வாழைப்பழம் கொடுத்தார். மறுநாள் விடியும்போதுதான், பாதை நெடுக வேலி, குறுக்கே நடக்க வழி இல்லை என்பது உறைத்தது. இனி ஊருக்குள் போக மெயின் ரோட்டில் சுற்றி, லாரிகளுக்கு ஓரமாக நடக்க வேண்டும்.

மதினி மலைக்குப் போகிறவர். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. ஜீப் இருட்டோடு கிளம்பிவிடும். அது வந்து நிற்கிற இடத்தில் பெண்கள் தங்கள் சோற்றுத் தூக்கைத் தரையில் வரிசையாக வைப்பார்கள். தூக்கு எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில்தான் ஏறுவது. ஜீப் நிறைந்துவிட்டால் மிச்சத் தூக்குகள் வீட்டுக்குத் திரும்பும், அன்றைக்குக் கூலி கிடையாது. இதில் யாரும் சண்டை போடுவதில்லை. மதினி வேகமாக நடப்பவர் என்பதால் தெருவில் கால் தளர்ந்த பெண்களின் தூக்குகளையும் இரண்டு கையில் கோத்துக்கொண்டு முன்னால் போய் வரிசையில் வைத்துவிடுவார். "தூக்கு போய்ச் சேந்திருச்சுன்னா ஆளு போய்ச் சேந்த மாதிரி. நீங்க மெதுவா வாங்க" என்பார். சுற்றுப்பாதை வந்தபின் எங்கள் தெருத் தூக்குகள் கடைசியில் நின்றன. அதனால் மகள் பள்ளிக்கூடம் கிளம்புமுன் தூக்குகளைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு முந்திப் போய் வைக்க ஆரம்பித்தாள். ஒருநாள் லோடு லாரி ஒன்று ஒதுங்க இடம் கொடுக்காமல் உரசிப்போனது. பிள்ளை சாக்கடையில் விழுந்தாள். முழங்கையில் தையல். தெருவின் சோறெல்லாம் ரோட்டில் கிடந்தது.

நான் போன அன்று அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் இல்லை.

"ரோட்டுல அள்ளிட்டு வர்ற தெம்பு எனக்கு இல்ல. படிச்ச வரைக்கும் போதும். ஆத்தாளோட ஜீப்புல போகட்டும்."

"எம்மக மலைக்கு வந்தா சுத்திப் பாக்கத்தான் வருவா. காய் எடுக்க வரமாட்டா" என்றார் மதினி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

"அப்பப் பள்ளிக்கூடத்துக்குப் பறந்து போகச் சொல்லு."

"பறக்க வேணாம். நடக்க வழி இருந்தாப் போதும்."

வழி வருகிற வரைக்கும் நான் கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்றேன். சூரத்துக்குத் திரும்பும் யோசனையைத் தள்ளிவைத்தேன். காலையிலும் மாலையிலும் அந்த ரோட்டில் லாரிப் பக்கம் நானும் சாக்கடைப் பக்கம் அவளும் நடந்தோம். எந்த பஸ் கண்டக்டர் எச்சில் துப்புவான், எந்த வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றெல்லாம் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில் ஊரில் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் நகராட்சி பாதை போடப்போகிறது என்று வார்டு கூட்டம் கூட்டினார்கள். மதினி அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்தார். சுவரில் படம் மாட்டியிருந்தது. கண்மாய்க் கரையைச் சுற்றி நடைபாதை, உட்கார பெஞ்சு, விளக்கு, பக்கத்தில் சைக்கிளுக்குப் பச்சைக் கோடு. பார்க்க அழகாகவே இருந்தது. இன்ஜினியர் புதிதாக வந்த பெண், வெளியூர். அவர் சொல்லி முடித்ததும் மதினி எழுந்தார்.

"நல்லா இருக்கும்மா. ஒரு சந்தேகம். இந்தப் பாதை எங்கிருந்து கிளம்பி எங்க போகுது?"

"சுத்தி வந்து அதே இடத்துல முடியுதும்மா."

"கிளம்புன இடத்துக்கே வர்றதுன்னா நாங்க வீட்டுலயே இருந்துக்கிருவமே. ஒடம்பு குறைக்க நடக்கிறவகளுக்குப் பாதை போடுங்க, வேணாங்கலை. எங்களுக்கு நடக்கிறதே சோலிம்மா. வீட்டுல இருந்து ஜீப்புக்கு, வீட்டுல இருந்து பள்ளிக்கூடத்துக்கு. அதுக்கு ஒரு கோடு இழுங்க."

கூட்டம் சிரித்தது. அந்த இன்ஜினியரும் சிரித்தார். மறுநாள் விடியுமுன் அவர் எங்கள் தெருவுக்கு வந்து நின்றதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜீப் நிற்கிற இடம் வரை பெண்களோடு பெண்ணாக நடந்தார். அவர் கையிலும் ஒரு தூக்கைக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்து பகல் வெளிச்சத்தில் எல்லாம் பார்த்து, எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலின் கரையைக் காட்டினார். அது நேராக ரயில்வே கேட்டுக்குப் போகிறது. கேட்டைத் தாண்டினால் பள்ளிக்கூடம், கொஞ்சம் தள்ளி ஜீப். மெயின் ரோட்டை மிதிக்கவே வேண்டாம். சீமைக்கருவேல் மூடிக் கிடந்ததால் அப்படி ஒரு கரை இருப்பதே எங்களுக்கு மறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் தோட்டத்தில் புதர் வெட்டும் வாக்கத்தியோடு இறங்கினார்கள். வெட்ட வெட்டக் கரை தெரிந்தது. மதினிக்கு முன்னால் கருவேல் நிற்கவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. தெரு பள்ளத்தில், கரை மேட்டில். மேலே ஏறச் சாய்தளம் போடலாம் என்றார் இன்ஜினியர். மதினி ஒரே பிடியாக மறுத்தார். "சரிவெல்லாம் மழைக்கு ஆகாதும்மா. செருப்பு வழுக்கி விட்ரும். படி வைங்க. தோட்டத்துல எம்புட்டு செங்குத்தா இருந்தாலும் ரெண்டு வெட்டு வெட்டிப் படி எடுத்துட்டம்னா சுமையோட ஏறிருவோம்." மலைக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். சரிவில் விழுந்து எழுந்தவர்கள் அவர்கள். மேடு என்றால் அவர்கள் கால் படியைத்தான் தேடும். சாய்தளத்துக்கு நீளம் வேண்டும், வீடுகளின் முன்வாசலில் இடம் எடுக்க வேண்டியிருக்கும், அதனால் நாளாகும் என்பதும் இருந்தது. இன்ஜினியர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் படிக்குச் சம்மதித்தார்.

படி வந்தது. அகலமான, உறுதியான சிமெண்டுப் படி. மதினி அதில் முதல் ஆளாக இரண்டு கையிலும் தூக்குகளோடு ஏறிப்போனதைப் பார்த்தேன். எங்கள் தெருத் தூக்குகள் மறுபடியும் வரிசையின் முன்னால் நின்றன. அண்ணன் பூட்டைத் திறந்துவிட்டார். சக்கரத்தைச் சரி செய்து கொண்டுவந்தேன். "இனிமே நானே போய்க்கிறேன் சித்தப்பா" என்றாள் பிள்ளை. நான் அண்ணனோடு குடோனில் மூட்டை தூக்கப் போனேன்.

மதினிக்குக் காய்ச்சல் வந்து மலைக்குப் போகாத ஒரு நாள், மகள் பள்ளிக்கூடம் போகிற அழகைப் பார்ப்போம் என்று பின்னாலேயே போயிருக்கிறார். பிள்ளை படிக்குக் கீழே சைக்கிளை நிறுத்தினாள். தெருவின் மற்ற இரண்டு பிள்ளைகளும் அங்கே நின்றார்கள். ஒருத்தி சைக்கிளைத் தோளில் தூக்கப் பார்த்தாள். பையும் சீருடையுமாக இரண்டு படி ஏறியதும் சக்கரம் திரும்பிக் காலில் இடித்தது. தூக்கிவிட ஆள் இல்லை, அந்த நேரத்தில் தெருப் பெண்கள் எல்லாம் மலையில். மூன்று பேரும் சைக்கிளைத் திருப்பி மெயின் ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். படி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அம்மா அத்தனை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இதை எப்படிச் சொல்வது என்று பிள்ளை சொல்லவில்லை.

சாயங்காலம் நானும் அண்ணனும் வந்தபோது சைக்கிள் மறுபடியும் பூட்டியிருந்தது. இந்த முறை பூட்டியது மதினி. விஷயத்தைக் கேட்டு அண்ணன் சொன்னார், "நல்லாக் கேட்டு வாங்குனீக படி. சைக்கிளுக்குக் காலு மொளைச்சா ஏறிரும்." மதினி பூட்டின் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

காய்ச்சல் விட்டும் விடாமலும் மறுநாள் நகராட்சிக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே எத்தனையோ பேர் என்னென்னவோ புகாரோடு நின்றார்கள். மதினி நேராக இன்ஜினியர் முன்னால் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அந்தப் படியை நான்தாம்மா அடம் பிடிச்சு வாங்குனேன். நீங்க சரிவுதான் சொன்னீக. நான் எங்க காலை மட்டும் பாத்தேன், பிள்ளைக சைக்கிளைப் பாக்கல. தப்பு எம்மேல. அதை இடிச்சுட்டுச் சரிவு போட்டுத் தாங்க." பக்கத்து மேசைக்காரர், "இப்பத்தான கட்டுனது, ஊர் சிரிக்கும்மா" என்றார். "சிரிக்கட்டும் சார். சிரிச்சுட்டு வீட்டுக்குப் போயிருவாக. எம்பிள்ளைதான ரோட்டுல போகணும்" என்றார் மதினி. நான் கேரளம், குஜராத் என்று எத்தனையோ முதலாளிகளையும் மேஸ்திரிகளையும் பார்த்திருக்கிறேன். தன் தப்பைத் தானே நாலு பேர் முன்னால் போட்டு உடைத்து, அதையே நியாயமாக வைத்துக் கேட்ட ஆளை அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் நின்றதே எனக்குப் பெருமையாக இருந்தது. இன்ஜினியர் சொல்லிக்காட்டவில்லை. படியை இடிக்க வேண்டாம், பக்கத்திலேயே கரையை ஒட்டிச் சரிவு இறக்கலாம், ஆனால் முன்வாசல் இடம் தெருக்காரர்கள் கொடுத்தால்தான் முடியும் என்றார்.

இடம் என்றதும் தெரு பின்வாங்கியது. எங்கள் வாசல்தான் முதல். சரிவு வந்தால் அண்ணன் ஆடு கட்டும் இடமும் துவைக்கிற கல்லும் போய்விடும். அண்ணன் அன்று சாயங்காலம் வாசலைக் காலடியால் அளந்து பார்த்தார். மறுநாள் காலையில் குடோனிலிருந்து ஒரு பலகையை என் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தார். மூட்டையோடு லாரியில் ஏற நாங்கள் சாத்துகிற பலகை. அதைக் கரையில் சாத்தி ஏறிப் பார்த்தார். செங்குத்தாக நின்றது. மதினியைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, இது எங்க சோலி. பலகை குட்டையா இருந்தா முதுகு போயிரும். நெட்டையா விட்டாத்தான் ஏத்தம் தெரியாது. அந்த இன்ஜினியரம்மாகிட்ட, ஆட்டுக் கொட்டத்தையும் சேத்து எடுத்துக்கிறச் சொல்லு."

"தொவைக்கிற கல்லு?"

"அதைப் பின்னாடி உருட்டிக்கிருவோம். நீ கல்லுக்கு அழுகாத."

அண்ணன் கொடுத்தபின் மற்ற வாசல்களும் கொடுத்தன. ஒரு வீட்டில் மட்டும் மதினி தினமும் போய் உட்கார்ந்து அவர்கள் புளியம்பழத்தை உடைத்துக் கொடுத்துச் சம்மதம் வாங்கினார். சிமெண்டு காயுமுன் வழுக்காமல் இருக்கக் குறுக்கே வரி இழுத்தார்கள். மழை பெய்த முதல் நாள் மதினி வேண்டுமென்றே ரப்பர் செருப்போடு ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் திறந்தார். பிள்ளை பன்னிரண்டாவது முடித்தாள். இப்போது தேனியில் நர்சிங் படிக்கிறாள். சரிவு திறந்த வாரமே நான் கிளம்பி ஹைதராபாத் பக்கம் போய்விட்டேன். ஒரு ஊரில் அதற்கு மேல் என்னால் இருக்க முடியாது.

போன வாரம்தான் திரும்பி வந்தேன். மதினி மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மேடு ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்துவிட்டது. படி ஏற முடியாது, சரிவில்தான் மெதுவாக வருகிறார். ஊரின் அந்தக் கோடியிலும் ஒரு தெருவுக்குப் பாதை போட ஏற்பாடு நடக்கிறதாம். அங்கேயுள்ள பெண்கள் வந்து பார்த்துச் சொல்லும்படி மதினியைக் கூப்பிட்டிருந்தார்கள். "நீங்களும் வாங்க கொழுந்தனாரே, ஊரு சுத்துறவருக்கு இதென்ன தூரம்" என்று என்னையும் கிளப்பினார். சரிவின் பாதியில் மூச்சு வாங்க நின்று, நடுவில் நின்றபடியே அங்கே போய் என்ன சொல்லப்போகிறார் என்பதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் மணிச் சத்தம். நீல உடுப்பில் பிள்ளைகள் சைக்கிளை எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு யாரையும் தெரியவில்லை, அவர்களுக்கும் மதினியைத் தெரிந்த மாதிரி இல்லை. "அம்மா, நடுவுல நிக்காதீங்க, ஓரமாப் போங்க" என்றாள் முதலில் வந்தவள்.

மதினி என் சட்டையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் நிறுத்தினார்.

"பாத்தீகளா, என்னையவே ஓரமாப் போகச் சொல்றாளுக" என்றார்.

சொல்லிவிட்டு, கடைசிச் சைக்கிளும் மேலே ஏறும்வரை, இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்.