கழுதை தும்மிய அத்தியாயம்: ஊருணிக்குள் ஒரு வீட்டைத் தேடிக் காரைக்குடிப் பயணம்

நானும் பாஸ்கரும் காரைக்குடிக்குப் போனது பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க இல்லை. ஒரு சண்டையைத் தீர்க்கப் போனோம். ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆம்பளைகள் சிறுவர் தொடர்கதைக்காகச் சண்டை போடுவார்களா என்று கேட்டால், நீங்கள் 'ஒன்பது நிலவுக் கோட்டை' படித்ததில்லை என்று அர்த்தம்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரு வார இதழில் வந்த மாயாஜாலத் தொடர் அது. மாறன்குட்டி என்ற பையன் களவுபோன ஒன்பது நிலவுகளைத் தேடிப் போவான். கூடவே சொக்கன் என்ற கழுதை. பக்கத்தில் யார் பொய் சொன்னாலும் சொக்கனுக்குத் தும்மல் வந்துவிடும். அரசவையில் மந்திரவாதி வாயைத் திறந்ததிலிருந்து தும்மித் தும்மி சொக்கன் படியில் உருண்டு விழுகிற இடம் இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது. கடைசிவரை புத்தகமாக வராத கதை. அதை நினைத்து உருகவே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அங்கே யாராவது அளந்துவிட்டால் மற்றவர்கள் 'ஹச்' என்று ஒரு தும்மல் போடுவது வழக்கம்.

போன மாதம் எனக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயத்தைப் பற்றி எழுதினேன். மாறன்குட்டி ஒரு ஊருணியில் குதிப்பான். தண்ணீருக்கு அடியில் ஒரு மாளிகை தலைகீழாக நிற்கும். மொட்டைமாடி வழியாக நுழைந்து, கூரையில் நடந்து, கடைசியில் வாசல் வழியாக வெளியே வந்தால் அது அவன் சொந்த வீட்டு வாசலாக இருக்கும். எழுதி முடிக்கவில்லை, வரிசையாக 'ஹச்', 'ஹச்', 'ஹச்'. அப்படி ஓர் அத்தியாயமே கிடையாது என்று பாஸ்கர் அடித்துச் சொன்னார். குழுவின் அட்மின் அவர்தான். திருச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார், கதையை வரிசை மாறாமல் ஒப்பிப்பார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அது இல்லையென்றால் குழுவை விட்டே போய்விடுகிறேன் என்று எழுதிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று உறைத்தது. விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து காலையில் எழுந்ததும் நான் பேசுகிற முதல் ஆட்கள் இவர்கள்தான்.

தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முழுசாக பைண்டு பண்ணி வைத்திருப்பவர் எங்கள் குழுவில் ஒரே ஆள், ரெஜினா டீச்சர். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். போட்டோ எடுத்து அனுப்பினால் அச்சு தெரியாது, நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு பாஸ்கரின் காரில் திருச்சியை விட்டோம். புதுக்கோட்டை வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர். நடுவில் ஒரு டீ குடித்தும் எட்டு மணிக்குள் காரைக்குடி வந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்கு அருகே சின்னக் கடை ஒன்றில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். தட்டு ஐம்பது ரூபாய், நான் இரண்டு தட்டு. அங்கிருந்து பிள்ளையார்பட்டி பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கூட்டம் இருந்தது, வரிசையில் நாற்பது நிமிடம் நின்றோம். நான் கண்ணை இறுக்கி மூடிக் கும்பிட்டதைப் பார்த்துவிட்டு, "பிள்ளையாருக்கே லஞ்சமா?" என்றார் பாஸ்கர். மனுஷனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

டீச்சரின் ஊருக்குள் கார் திரும்பியதும் நான் கத்தியே விட்டேன். சதுரமாகப் படிக்கட்டு கட்டிய ஊருணி, எங்கள் அதிர்ஷ்டம், அந்த நேரத்திலும் காற்றே இல்லை. எதிர்க்கரையில் ஒரு பெரிய வீடு. தண்ணீரில் அதே வீடு, தூண், மாடி, மாடத்துப் பொம்மை எல்லாம் சேர்ந்து, தலைகீழாக! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கதை எழுதியவர் இங்கே வந்திருக்கிறார், இதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று பாஸ்கரின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவருக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டதுபோலத்தான் இருந்தது.

"திருச்சியில இருந்தா வாரீக? கழுதைக் கோஷ்டிதானே, இங்குட்டு வாங்க," என்று டீச்சர் வாசலிலேயே சிரித்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பி கொடுத்துவிட்டுப் புத்தகத்தைத் துணியில் சுற்றியபடியே கொண்டுவந்து வைத்தார். அந்தப் பழைய படங்களை நாற்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறேன். சொக்கனின் காது ஒன்று மடிந்திருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு புரட்டினோம். முப்பதாம் அத்தியாயத்தில் மாறன்குட்டி பாலைவனத்தில் வழி தெரியாமல் நிற்கிறான்; என் நினைவில் அதற்கு அடுத்துத்தான் ஊருணி. முப்பத்தொன்று முழுக்க மந்திரிசபைக் கூட்டம், வரி விவகாரம். முப்பத்திரண்டில் ஆறாவது நிலவு அவன் கையில் இருக்கிறது. ஊருணி எங்குமே இல்லை. ஒரு பக்கமாவது விட்டுப்போயிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன், இல்லை. பாஸ்கர் தும்மியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது.

எனக்கு அந்தக் கதையை வாசித்துக் காட்டியது என் அக்கா. அப்போது எனக்கு எழுத்துக்கூட்டக்கூட வராது. மணப்பாறையில் இருக்கும் அவளுக்கு டீச்சர் வீட்டிலிருந்தே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஊருணி எத்தனையாவது அத்தியாயம் என்று கேட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்.

எங்கள் தெருவில் நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒரே இதழ்தான் வாங்குவார்கள். படிக்கிற வரிசையில் எங்கள் வீடு கடைசி. எல்லாரும் படித்து முடித்த பிறகுதான் முதல் வீட்டுக்காரர் பைண்டிங்குக்காகத் தொடரைக் கிழித்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம். பாலைவனத்துக்கு அடுத்த அந்த ஒரு வாரம் மட்டும் மறதியாக முன்னாலேயே கிழித்துவிட்டார்.

"உனக்கு அம்மை போட்டிருந்துச்சுடா. வேப்பிலையில படுத்துக்கிட்டு, மாறன்குட்டி என்ன ஆனான், என்ன ஆனான்னு கேட்டுக்கிட்டே இருந்தே. இல்லைன்னு சொல்ல மனசு வரலை. சமையல் குறிப்புப் பக்கத்தை விரிச்சு வச்சுக்கிட்டு நானாச் சொன்னேன்."

"அந்த வீடு?" என்றேன்.

"தேவகோட்டைப் பக்கம் ஹாஸ்டல்ல ஒரு வருஷம் போட்டாங்கள்ல? அழுகை வந்தா ஊருணிக் கரையில போய் உக்காந்துக்குவேன். எதுத்தாப்புல இருக்கிற வீடு தண்ணிக்குள்ள கவுந்து தெரியும். அதுக்குள்ள இறங்கி நடந்தா நம்ம வீட்டு வாசல் வந்துரும்னு நெனச்சுக்குவேன்."

பாஸ்கர் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அக்கா, அதை முதல்ல இருந்து சொல்லுங்களேன்," என்றார். அக்கா சொன்னாள், அதே ஏற்ற இறக்கத்தோடு. முடிந்ததும் டீச்சர் சொன்னார்: "அந்த மந்திரிசபையை நானே ஒரு தடவைக்கு மேல படிச்சதில்ல. இது நல்லாருக்கு."

சொன்ன சொல் சொல்தான். ராத்திரி தங்கும் விடுதிக்கு வந்ததும் குழுவிலிருந்து விலகினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பாஸ்கர் என்னைத் திரும்பச் சேர்த்துவிட்டார். கூடவே அக்காவையும். "நாளைக்குக் காலைல தேவகோட்டை போறோம்," என்று கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

போக நினைப்பவர்களுக்கு: சொந்த வண்டி இருந்தால் நல்லது, கிராமங்களுக்கு பஸ் குறைவு. பெரிய வீடுகளில் பாதி பூட்டிக்கிடக்கும், காவல்காரரிடம் பதமாகக் கேளுங்கள். ஊருணியை மட்டும் காலை ஏழு மணிக்குள் பார்த்துவிடுங்கள். காற்று எழும்பிவிட்டால் தண்ணீருக்குள் இருக்கும் வீடு கலைந்துபோகும். குடிக்கிற தண்ணீர், கால் நனைக்க வேண்டாம்.

அக்கா அடையாளம் சொன்ன ஊருணியைக் கண்டுபிடித்துவிட்டோம். வீடு அங்கேதான் இருக்கிறது, தண்ணீருக்கு மேலேயும் கீழேயும். பாஸ்கர் படியில் உட்கார்ந்து படம் எடுத்து, 'முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் வரும் வீடு' என்று எழுதிக் குழுவில் போட்டார். யாராவது தும்முவார்கள் என்று நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் தும்மவில்லை. காருக்குத் திரும்பும்போதுதான் ஒரே ஒரு 'ஹச்' வந்தது. அக்கா போட்டிருந்தாள்.