பள்ளிக்கூடத்துக் கல்லும் அம்மாவுக்கு வந்த கோடியும்

அம்மா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அண்ணன் கேட்டபோது பெருமையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத வெட்கம்தான் வந்தது. அதை மூடி மறைத்து எழுத எனக்கு வரவில்லை. சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது தொண்டாமுத்தூர்ப் பக்கம், மலையடிவாரத்தில். யானை வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போன கதைகளைச் சொல்லித்தான் எங்களுக்குச் சோறு ஊட்டுவார். அங்கிருந்து சூலூருக்குக் கிழக்கே எங்கள் வறண்ட ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். வந்த புதிதில் தலைக்கு மேல் விமானம் போனால் அடுப்படிக்குள் ஓடிவிடுவாராம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் சீக்கிரமே போய்விட, மாட்டையும் சோளக்காட்டையும் வைத்துக்கொண்டு அண்ணனை இன்ஜினியர் ஆக்கினார், என்னை டீச்சர் ஆக்கினார்.

பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், "எந்தூருங்க அம்மணி?" என்று அம்மா தொடங்கிவிடுவார். இறங்குவதற்குள் அவர்கள் குடும்பக் கதை முழுவதும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் முதல் தறி யார் வீட்டில் ஓடியது, எந்தக் கிணறு எந்தப் பஞ்சத்தில் வற்றியது, எந்தக் காடு யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று எல்லாம் விரல் நுனியில் இருந்தது. ஊருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அதில் பாதி தெரியாது. தெரிந்ததிலும் பாதி தப்பு.

பெரிய தப்பு பள்ளிக்கூடத்து விஷயம். அந்த இடத்தைத் தாத்தா கொடுத்தார் என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். கல்யாணப் பேச்சு எடுத்தால்கூட அதுதான் முதலில் வரும். உண்மையில் அதைக் கொடுத்தவர் சென்னியப்பன் என்ற பெரியவர். தாத்தா ஊர்ப் பெரியதனத்தில் இருந்ததால் முன்னே நின்று கட்டடம் எழுப்பினார், அவ்வளவுதான். மழை பொய்த்து, மிச்சமிருந்த காட்டையும் விற்றுவிட்டு, சென்னியப்பன் குடும்பம் தறி ஓட்டச் சோமனூருக்குப் போய்விட்டது. கேட்க ஆளில்லாததால் பேர் எங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டது. தாத்தா பொய் சொன்னவர் அல்ல. அம்மா சோறு போடும்போது அவரே சென்னியப்பனைப் பற்றி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாராம். பொய்யை வளர்த்தது நாங்கள்.

சில வருஷங்களுக்கு முன் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தது. அண்ணன் தாராளமாகக் கொடுத்தார். இடம் ஈந்த வள்ளல் என்று தாத்தா பேரைக் கல்லில் வெட்டி வாசல் சுவரில் பதித்தார். திறப்பு விழாவில் அம்மாவை மேடையேற்றிப் பொன்னாடை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த எடம் எங்க மாமனார் குடுத்ததில்லீங்க. சென்னியப்பன் பெரியப்பன் குடுத்ததுங்க. மாமனாரே எங்கிட்டச் சொன்னாருங்க," என்றார் அம்மா.

அத்தை என் காதருகில், "பாரு கண்ணு, பொறந்த கூட்டத்துக்குப் பரிஞ்சு பேசறா உங்கம்மா," என்றார். சென்னியப்பனும் அம்மாவும் ஒரே கூட்டம். இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: கூட்டம் என்றால் குலம்; ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் உடன்பிறப்பு முறை, அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. உண்மையைச் சொன்ன வாய்க்கு எங்கள் வீட்டில் இப்படி ஒரு காரணம் கண்டுபிடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கத்தினார். "ஏம்மா, அத்தன பேர் முன்னால எம்மானத்த வாங்கிப்போட்டியே."

"நம்முது இல்லாததுக்கு ஏஞ்சாமி நாம பேர் வாங்கோணும்?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்லும் அப்படியே இருந்தது. அம்மா பள்ளிக்கூட வழியை விட்டுவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போக ஆரம்பித்தார். கேட்டால், "அங்க போனாக் கூச்சமா இருக்குது அம்மணி," என்பார். நாங்கள் படவேண்டிய கூச்சத்தை அவர் பட்டுக்கொண்டிருந்தார்.

காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை. அன்று வாசலில் அம்மாவைக் கிடத்தியிருந்தோம். காரியம் செய்ய வந்தவர், "பொறந்தூட்டுக் கோடி வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். பிறந்த வீட்டுச் சேலை போர்த்தாமல் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை எடுப்பதில்லை. அம்மாவின் ஒரே தம்பி முன்பே காலமாகிவிட்டார். அவர் மகன் வெளிநாட்டிலிருந்து, "நீங்களே ஒண்ணு எடுத்துப் போட்டுருங்க," என்று போனில் சொல்லிவிட்டான். அண்ணனும் சூலூருக்கு ஆள் அனுப்பிச் சேலை வாங்கிவரச் செய்து, அதைப் பிறந்த வீட்டுக் கோடி என்று போர்த்தத் தயாராக நின்றார். கல்லில் செய்ததையே அம்மாவின் உடம்பிலும் செய்யப் போகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அப்போதுதான் சென்னியப்பன் மகன் பழனிச்சாமி மாமா, மாமியோடு சோமனூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். நாங்கள் அவருக்குச் சேதி சொல்லவே இல்லை. கையில் கோடிச் சேலை. "எங்க கூட்டத்துப் புள்ளைக்கு நாங்க போடாம யாருங்க போடுவாங்க?" என்று சொல்லி அவரே போர்த்திவிட்டார்.

அண்ணன் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தார். "கல்ல மாத்திப்போடறனுங்க மாமா."

"அத இன்னைக்குப் பேச வேண்டாமுங்க மாப்ள. தங்கச்சி போயிட்டா. நாங்க அதுக்குத்தான் வந்தோம்," என்றார் மாமா.

அம்மாவின் கடைசி நாட்களில் கூடவே இருந்த பக்கத்து வீட்டு சரசக்காவுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த ஊராருக்கும், பிறந்த வீடாக வந்து நின்ற மாமா மாமிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

அச்சுக்குப் போகுமுன் இதை அண்ணனிடம் கொடுத்தேன். படித்து முடித்ததும், "கல்லு மாத்த ஆள் சொல்லியாச்சுன்னு கடைசில போட்டுரு கண்ணு," என்றார்.

"மாத்துனதுக்கப்புறம் போடறேன் அண்ணா," என்றேன்.

ஆகவே, இம்மலரை வாங்கிக்கொண்டு போகும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பஸ் ஏறப் போகும் வழியில்தான் பள்ளிக்கூடம். ஒரு நிமிடம் நின்று அந்தச் சுவரைப் பாருங்கள். அதில் இன்னமும் தாத்தா பேர்தான் இருந்தால், இந்த மலரில் அம்மாவைப் பற்றி நாங்கள் எழுதியிருக்கும் ஒரு புகழ்ச்சியையும் நம்ப வேண்டாம்.