பெல்ட்டு மாமா

வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியில் பசை தடவிய நாளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பசை போய்விட்டது, பெயர் போகவில்லை. அப்பேர்ப்பட்டவள் விமானப் பணிப்பெண் ஆகப் போகிறேன் என்று சொன்னதும், பள்ளி வேன் ஓட்டும் அவள் அம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் ரோட்டுல பண்றதை நீ வானத்துல பண்ணப் போறே. உக்காரு, பெல்ட்டைப் போடு, வாந்தி வந்தா பையில எடு. அவ்வளவுதானேடி?"

"நாங்க டீ குடுப்போம்மா."

"குடுங்க, குடுங்க. என் வண்டிப் பசங்களுக்கு டீ குடுத்தா வண்டியே பறக்கும்."

அம்மாவுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு நடை முடிந்ததும் வேனைப் பூட்டுவதற்கு முன்னால் கடைசி சீட்டு வரை போய், சீட்டுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்ப்பாள். பெரும்பாலும் ஒற்றைச் செருப்போ தண்ணீர் பாட்டிலோதான் கிடைக்கும். இடுப்பு போச்சு என்று புலம்பிக்கொண்டேதான் குனிவாள். "எல்லாரும் இறங்கிட்டாங்களேம்மா" என்று வாலு சொன்னால், "இறங்கிட்டாங்கன்னு யாரு பாத்தா?" என்று பதில் வரும்.

வாலு பயிற்சிக்குப் போவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கடைசித் தேர்வில், நெருப்பு நெருப்பு என்று கத்த வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் அவ்வளவுதான், மூன்றாவது வாய்ப்பெல்லாம் கிடையாது. அதனால் அவள் நல்ல பிள்ளையாக இருக்க முடிவு செய்திருந்தாள். அந்த முடிவு ஒரு வாரம் தாங்கியது.

பயிற்சி நடந்தது ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில். உள்ளே ஒரு பழைய விமானத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டு வந்து தூணில் ஏற்றி வைத்திருந்தார்கள். மூக்கு இல்லை, இறக்கை இல்லை, தலையும் காலும் போன முண்டம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேகம் தெரியாது, தகரம்தான் தெரியும். ஆனால் உள்ளே சீட்டு, விளக்கு, பெல்ட், கூப்பிடுகிற மணி எல்லாம் அப்படியே இருந்தன. பழைய விமானத்துக்கு ஒரு வாசனை உண்டு. பலபேர் தூங்கி எழுந்த அறையை ஜன்னல் திறக்காமல் விட்டால் வரும் வாசனை. எத்தனை சுத்தம் செய்தாலும் அது போகவில்லை.

சொல்லிக்கொடுத்த மேடத்துக்குப் பயிற்சிப் பெண்கள் வைத்த பெயர் இஸ்திரி. சேலையிலும் சரி, முகத்திலும் சரி, ஒரு சுருக்கம் கிடையாது. கொண்டையில் ஒரு முடி பிசகினாலும் கண்ணாடி முன்னால் திருப்பி அனுப்புவாள். உதட்டுச் சாயம் பல்லில் ஒட்டக்கூடாது. குதிகால் செருப்போடு தலைக்கு மேலே இருக்கும் பெட்டியை எட்டித் திறக்க வேண்டும், முனகக்கூடாது. இதையெல்லாம் விட இஸ்திரிக்கு முக்கியமானது ஒன்று இருந்தது. காலி சீட்டோடு பேசுவது.

"சும்மா தட்டை நீட்டிட்டுப் போகாதே. அங்க ஆளு இருக்குன்னு நினைச்சுக் குடு. கண்ணைப் பாரு. என்ன வேணும்னு கேளு. பதில் வர வரைக்கும் நில்லு."

காலி சீட்டின் கண்ணை எங்கே போய்ப் பார்ப்பது? மற்றவர்கள் திணறினார்கள். வாலுவின் தோழி, பூனை நடந்தாலும் பதறுகிற சுண்டெலி, காலி சீட்டுக்குக் காபியை நீட்டிவிட்டு அழுதே விட்டாள். வாலுவுக்கோ இது அல்வா. இறக்கை இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னலோர சீட்டு. அதன் முன்னால் நின்று தலையைச் சாய்த்தாள்.

"மேடம், இவரு பெல்ட்டைக் கழட்ட மாட்டேங்கறாரு. முதல் தடவை ஏறியிருக்காராம். பாத்ரூம் போகணும்னாலும் சீட்டோடதான் வருவாராம்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். இஸ்திரிக்குக் கூட உதட்டோரம் ஒரு மடிப்பு விழுந்தது. "சரி, சமாதானப்படுத்து பாக்கலாம்."

வாலு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "மாமா, பயப்படாதீங்க. கழட்டவே வேணாம். யாரு வந்து சொன்னாலும் கழட்டாதீங்க. இறங்க வேண்டிய நேரத்துல நானே வந்து கழட்டி விடறேன். சரியா?"

பதில் வருகிற வரைக்கும் நிற்க வேண்டும் அல்லவா, நின்றாள். பிறகு எழுந்து, "சரின்னுட்டாரு மேடம்" என்றாள். அன்றிலிருந்து அந்த சீட்டுக்காரர் பெல்ட்டு மாமா ஆகிவிட்டார். டீ வேண்டாம், போர்வை மட்டும் போதும் என்பார். எல்லோரும் அவரை விசாரித்துவிட்டுத்தான் போவார்கள்.

சாயங்காலம் கிளம்பும் முன் ஒவ்வொரு சீட்டிலும் பெல்ட்டின் இரண்டு முனையையும் குறுக்கே போட்டு வைக்க வேண்டும். அப்படிப் போட்டதும் சீட்டெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவர் விளக்கை அணைத்துப் பூட்டிவிடுவார். புகை இயந்திரம் ஓட்டுவது, சறுக்குப் பலகையில் குதிப்பவர்களைக் கீழே நின்று பிடிப்பது எல்லாமே அவர் வேலைதான்.

மறுநாள் காலையில் பெல்ட்டு மாமாவின் பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது.

மாட்டியிருந்தது என்றால் சும்மா சீட்டோடு படிந்து கிடக்கவில்லை. ஒரு ஆளின் வயிற்றைச் சுற்றிப் போட்டால் எப்படி வளைந்து நிற்குமோ அப்படி, எதுவும் இல்லாத இடத்தைச் சுற்றி வளைந்து நின்றது.

"ஏ வாலு, உன் வேலைதானே?" என்று சுண்டெலி சிரித்துக்கொண்டே அதைக் கழற்றிக் குறுக்கே போட்டாள்.

"நான் இல்லடி."

"ஆமா ஆமா, நீ இல்ல. மாமாவே போட்டுக்கிட்டாரு."

அடுத்த நாளும் அப்படியே. இந்த முறை சுண்டெலி சிரிக்கவில்லை. அதற்கடுத்த நாள் இஸ்திரியே வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு கழற்றினாள். வாலுவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"போன தடவை சிரிச்சே, போனே. இந்தத் தடவை விளையாட்டா? இன்னொரு தரம் அந்த சீட்டு பேரை உன் வாயில கேட்டேன்னா, தேர்வெல்லாம் வேணாம். நேரா வீட்டுக்குக் கிளம்பிடலாம்."

"சத்தியமா நான் தொடல மேடம்."

"சாவி யாருகிட்ட இருக்கு?"

சாவி கொட்டகைக்காரரிடம்தான் இருந்தது. அவர் தலையைச் சொறிந்தார். "பூட்டுனா திறக்கறது காலையிலதாங்க. நடுவுல நான் உள்ள போறதில்ல." கொஞ்சம் தயங்கி, "கரண்ட்டை அணைச்ச பெறகும் அந்தக் கூப்பிடற மணி அடிக்குது. அதனாலயே போறதில்ல" என்றார்.

வாழ்நாள் முழுக்க வாலு செய்யாத குறும்பு ஒன்றுதான் இருந்தது, அதற்குப் பழி அவள் தலையில். எவள் நம்புவாள்? அன்றிலிருந்து அந்த சீட்டின் பக்கமே அவள் திரும்பவில்லை. தட்டை நீட்டும்போதும் அந்த ஒரு வரிசையைத் தாண்டி ஓடினாள். தினமும் யாராவது பெல்ட்டைக் கழற்றுவார்கள். தினமும் காலையில் அது மாட்டியிருக்கும். வாலு மட்டும் கைவைக்கவே இல்லை. தாண்டிப் போகும்போது முதுகில் யாரோ பார்ப்பது போல இருக்கும். முறைக்கிற பார்வை இல்லை. பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் வருகிறாரா என்று எட்டி எட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

கடைசித் தேர்வு வந்தது. விமானத்துக்குள் புகை, இருட்டு, அலறும் மணி. மற்ற பெண்கள் பயணிகளாக உட்கார்ந்திருப்பார்கள். வாலு எல்லோரையும் வெளியே தள்ளி, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, இஸ்திரி விசில் ஊதுவதற்குள் தானும் குதித்துவிட வேண்டும். விசிலுக்கு அப்புறம் உள்ளே இருந்தால் செத்த கணக்கு.

இந்த முறை சிரிப்பு வரவில்லை. "பெல்ட்டைக் கழட்டுங்க! பையை விடுங்க! இந்தப் பக்கம்! குதிங்க, குதிங்க!" தொண்டை கிழியக் கத்தினாள். ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். சுண்டெலி கதவில் உறைந்து நிற்க, முதுகில் ஒரே தள்ளு. கடைசிப் பெண்ணும் போன பிறகு டார்ச்சை அடித்தாள்.

"யாராவது இருக்கீங்களா?"

புகைக்குள் டார்ச் வெளிச்சம் பால் மாதிரி கலங்கியது. அவசரத்தில் கழற்றிப் போட்ட பெல்ட்டுகள் தாறுமாறாகத் தொங்கின. ஜன்னலோரத்தில் ஒன்று மட்டும் மாட்டியிருந்தது. காலையில் இஸ்திரி தன் கையால் கழற்றிய பெல்ட். வாலு பார்த்தாள். அது மெல்ல மேலே ஏறியது. மெல்லக் கீழே இறங்கியது. மறுபடி ஏறியது.

மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கதவு பக்கத்திலேயே இருந்தது. ஒரு தாவு, தேர்வு முடிந்தது, வேலை கையில். திரும்பிப் போனால் விசில் விழும். ஏன் போனாய் என்று கேட்பார்கள். சொல்லக்கூடாத பேரைத்தான் சொல்ல வேண்டும். கால் கதவுப் பக்கம் நகர்ந்தும் விட்டது. அப்போதுதான் அந்த மணி அடித்தது. அலறுகிற மணி இல்லை, கூப்பிடுகிற மணி. டிங். தொந்தரவு தருகிறோமே என்று கூச்சப்பட்டு அழுத்தியது போல, ஒரே ஒரு தரம்.

யார் சொன்னாலும் கழற்றாதீர்கள் என்று சொன்னது யார்? நானே வருகிறேன் என்று சொன்னது யார்? மனுஷன் பயந்தாங்கொள்ளி. பயந்தாங்கொள்ளியாக அவரை உட்காரவைத்ததே அவள்தான்.

"அட போங்கடா" என்று திரும்பிப் புகைக்குள் ஓடினாள்.

சீட்டின் முன்னால் குத்துக்காலிட்டாள். "மாமா. நான்தான். கொஞ்சம் லேட்டாயிடுச்சு, கோச்சுக்காதீங்க." பெல்ட்டின் கொக்கியில் கைவைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, ரொம்ப நேரம் யாரோ கையை வைத்துக்கொண்டிருந்தது போல. இழுத்தாள். கழன்றது. அழுந்தியிருந்த சீட்டு மெத்தை ஒரு முனகலோடு மேலே எழும்பியது. அவளுடைய சட்டைக் கையை ஏதோ பிடித்தது. குழந்தை பிடிப்பது போல, விரல் நுனியால்.

"வாங்க. கையை நெஞ்சுல கட்டிக்கங்க. கீழ பாக்காதீங்க, நேராப் பாருங்க. குதிங்க!" சட்டைக் கை விடுபட்டது. அவளும் குதித்தாள். பாதிச் சறுக்கலில் விசில் ஒலித்தது.

கீழே கொட்டகைக்காரர் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, உனக்கு முன்னாடி வந்த ஆளு என்னா கனம்! பிடிக்கறதுக்குள்ள கையே போச்சு. எங்க அவரு?"

வாலுவுக்கு முன்னால் கடைசியாகக் குதித்தவள் ஈர்க்குச்சி மாதிரி ஒரு பெண், எப்போதோ குதித்துவிட்டு ஓரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

இஸ்திரி வந்தாள். "எதுக்குத் திரும்பிப் போனே?"

வாலு ஒரு பொய்யைத் தேடினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் அகப்படவில்லை. "உள்ள ஒருத்தரு பெல்ட்டோட இருந்தாரு மேடம்."

இஸ்திரி அவள் கண்ணையே பார்த்தாள். பதில் வருகிற வரைக்கும் நிற்கிறவள் அல்லவா. "இப்ப யாராவது இருக்காங்களா?"

"இப்ப இல்ல மேடம்."

இஸ்திரி தானே படியேறி உள்ளே போனாள். திரும்பி வர நேரம் எடுத்தது. வரும்போது அவள் கொண்டையிலிருந்து ஒரு முடி பிரிந்து காதோரம் தொங்கியது, அதை அவள் கவனிக்கவில்லை. "எல்லா பெல்ட்டும் கண்டபடி கிடக்குது. அந்த ஒண்ணு மட்டும் ஒழுங்கா குறுக்கப் போட்டிருக்கு. நீ போட்டியா?"

வாலு தலையை ஆட்டினாள், இல்லையென்று.

இஸ்திரி கொட்டகை வாசலைக் காட்டினாள். "விசிலுக்கு முன்னாடியே கதவைத் தாண்டிட்டே. பாஸ். போ, வீட்டுக்குப் போ."

வாசலில் அம்மா வேனோடு நின்றாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தாள். வாலு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"பாஸும்மா."

"அதுக்கு ஏன்டி மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? எனக்கு டீ குடுக்கணும்னு பயமா?" அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சாவியைத் திருப்பினாள். பிறகு பழக்கதோஷத்தில், தினமும் பிள்ளைகளிடம் கேட்பது போல, கண்ணாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் பெல்ட்டைப் போட்டாச்சா?"

காலி வேனின் கடைசி சீட்டில், ஜன்னலோரம், டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

அம்மாவின் கை கியரிலேயே நின்றது. வாலு திரும்பிப் பார்க்கவில்லை. தன் பெல்ட்டையும் இழுத்து மாட்டினாள்.

"போட்டாச்சும்மா. கொஞ்சம் மெதுவாப் போ, பயப்படுவாரு."