அடைப்புக்குறிக்குள் பிரித்தானியா

மாமா லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று எங்கள் ஊர் விசுவமடுவில் முதலில் அறிவித்தவள் நான்தான். அப்போது ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவரை விசாரிக்க இரண்டு தடவை வீட்டுக்குப் புலனாய்வு ஆட்கள் வந்துபோன பிறகு, கனடாவுக்கென்று படகேறினார். ஒரு மாதமாகத் தகவல் இல்லை. அம்மா பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்து வைத்தார்.

பிறகுதான் போன் வந்தது. "அக்கா, உயிரோடை இருக்கிறன். படகு பழுதாப்போச்சு. வெள்ளைக்காரர் ஒரு தீவிலை கொண்டுவந்து விட்டிருக்கினம்," என்றவர் தீவின் பெயரையும் சொன்னார். வீட்டில் யாரும் கேள்விப்பட்டிராத பெயர். நான் தேசப்படப் புத்தகத்தை விரித்து இந்து சமுத்திரம் முழுக்கத் தேடினேன். ஈ எச்சமிட்டதுபோல ஒரு புள்ளி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பிரித்தானியா என்று போட்டிருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

அப்பா மட்டும் முகத்தைச் சுருக்கினார். "லண்டன் எங்கை, இந்தப் புள்ளி எங்கை?"

"அவையின்ரை மண்ணிலை கால் வைச்சிட்டான், அது காணும். எங்களையும் ஆண்டவைதானே, கைவிடமாட்டினம்," என்று அம்மா அவர் வாயை அடைத்தார்.

அடுத்த நாளே தேங்காய் அவ்வளவும் உடைந்தன. அம்மா மோதகத் தட்டோடு என்னை வீடுவீடாக அனுப்பினார். முன்வீட்டு அன்ரி தன் மகனையும் அங்கே கூப்பிட வழியுண்டோ என்று கேட்டார். பார்க்கலாம் என்று பெரிய மனுசி மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன்.

சில கிழமை கழித்து மாமா மறுபடி போன் எடுத்தார். கூடாரத்துக்குள் எலிகளோடு படுக்கிறாராம். "வேலிக்கு வெளியிலை வெள்ளையள், உள்ளுக்கை நாங்கள். அகதியெண்டு பதியச் சொல்லிக் கேட்டால், பிரித்தானியாவின்ரை அகதிச் சட்டம் இங்கை செல்லாதாம். நிலம் மட்டும்தான் தங்கடையாம். திருப்பி அனுப்பப்போகினம் எண்டு கதைக்கினம்," என்றார். திரும்பி வந்தால் விசாரிக்க வந்தவர்களின் கையில்தான் விழுவார் என்பது அம்மாவுக்குத் தெரியும். அம்மா அழத் தொடங்கினார்.

மாமா என்னைப் போனுக்குக் கூப்பிட்டார். "பிள்ளை, அந்தப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி விடு. அதிகாரியிட்டைக் காட்டுறன்."

புள்ளியைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. அதிகாரி கனநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, படம் சரிதான் என்றாராம். பெயரை மட்டும் பதியவில்லையாம். அம்மா போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பருகில் இருந்துவிட்டார்.

நானோ, வெள்ளைக்கார அதிகாரியே என் படம் சரியென்று ஒப்புக்கொண்டுவிட்டார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.