விரிஞ்சிபுரம் முதல் ஆம்பூர் வரை: வேனில் ஒலித்த ஒரு நிமிடச் செய்தி

வேலூரில் ஒரு கல்லூரியில் இதழியல் மாணவிகளுக்கு வகுப்பெடுக்கிறேன். படிப்பவருக்கு ஒரு மாதிரியும் காதில் கேட்பவருக்கு வேறு மாதிரியும் எழுத வேண்டும் என்றால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அதனால் போன வியாழக்கிழமை, எஸ்தர் என்ற மாணவியுடன், வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிச் செல்லும் ஆம்பூர் ஷூ கம்பெனி வேன் ஒன்றில் போனேன்.

காலை 5.50க்கு வேலூரில் நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை. 14 கி.மீ. தள்ளி விரிஞ்சிபுரத்தில் 6.40க்கு வேன் ஏறினோம். (கம்பெனியில் முன்பே அனுமதி வாங்கியிருந்தோம்.)

செய்தி இதுதான்: ஞாயிறன்று ஆம்பூரில் தையல் பிரிவுப் பெண்களுக்கு இலவசக் கண் பரிசோதனை. ஒரே நாள்தான், தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. எஸ்தரின் பத்திரிகைச் செய்திக்கு வகுப்பில் முதல் மதிப்பெண். அதையே செல்பேசியில் வாசித்துப் பதிந்திருந்தாள். ஓட்டுநர் வேன் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னா கேட்டீங்க, சொல்லுங்கக்கா" என்றாள் எஸ்தர்.

முன் இருக்கை சரோஜாக்கா திரும்பினார். "தலைமை தாங்குறவரு பேரு நல்லா நெனப்பிருக்கு பாப்பா. அவரா எனுக்குக் கண்ணு பாப்பாரு?"

வேன் முழுக்கச் சிரிப்பு. நாளும் இடமும் ஒருவருக்கும் நினைவில்லை.

திருத்தித் தர என் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். எஸ்தரே எழுந்து முன்னால் போனாள்.

"மிஷின் ஊசியில நூல் கோக்கறப்ப எப்டிக்கா தெரியும்?"

"ரெண்டு ஊசியாத் தெரியும்."

வேன் இரைச்சல் விழாமல் துப்பட்டாவுக்குள் செல்பேசியை வைத்துக்கொண்டு, பள்ளிகொண்டா வருவதற்குள் மறுபடி பதிந்தாள். 'ஊசி ரெண்டாத் தெரியுதாக்கா?' என்று தொடங்கியது. ஸ்பீக்கரில் போட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

மாதனூரில் ஐந்து பெண்கள் ஏறினார்கள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சரோஜாக்காதான் ஆரம்பித்தார்.

"ஏய் கலா, ஞாயித்துக்கெழம கறி வாங்கப் போய்டாத. ஒம்போது மணிக்கு பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஸ்கூலு, கண்ணு டெஸ்ட்டு. ரேஷன் கார்டு எடுத்துக்க. காசு இல்ல."

எதுவும் விடுபடவில்லை, தலைமை தாங்குபவரைத் தவிர. எழுதியது யாரென்று யாரும் கேட்கவில்லை. எஸ்தர் என் கையை அழுத்திப் பிடித்தாள். எனக்குப் பெருமையைக் காட்டத் தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

7.45க்கு ஆம்பூர். வேலூர் திரும்ப வெளியூர்ப் பேருந்தில் 50 கி.மீ., 40 ரூபாய். மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு ஒன்று: பிடித்திருக்கிறதா என்று கேட்க விடாதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சிவப்பு மையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஞாயிறு காலை 8.50க்கு எஸ்தர் ஒரு படம் அனுப்பினாள். பள்ளி வாசலில் வரிசை. சரோஜாக்கா முன்னால், கையில் ரேஷன் கார்டோடு கலா பின்னால். படத்துக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்கும் சேர்த்து மதிப்பெண் போட்டேன்.