அபிதாவின் பெயர் ஒட்டிய குப்பி

ஷீஜாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணினித் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் கிடந்தன. ஒன்று ஸ்ரீகுமார், இன்னொன்று அவன் பெண்டாட்டி அபிதா. இரண்டு பேரும் ஒரே ஆள் என்றது திரை.

அத்தை மகளும் மாமன் மகனும் கட்டிக்கொண்டவர்கள். அப்படிப்பட்டவர்களின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு ஒத்துப்போகலாம். அண்ணன் தங்கச்சியாக இருந்தாலும் பாதிதான். முழுக்க ஒத்துப்போக வேண்டுமென்றால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையாக இருக்க வேண்டும். அபிதா கல்யாணத்தில் அவள் தலைப்பூவைச் சரிசெய்துகொண்டு பின்னால் நின்றவளே ஷீஜாதான். அவளுக்குத் தெரியாத இரட்டையா?

அடுத்த சோதனையைத் தட்டிவிட்டாள். ஆணுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. இருந்தது. வயிற்றில் நாலு மாதப் பிள்ளையோடு இருப்பவளின் கணக்கில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

கருங்கல் சந்தைப் பக்கம் பழைய இரும்புக் கடை போட்டிருக்கும் ரசலையனின் மகள் ஷீஜா. மார்த்தாண்டத்தில் கல்லூரி படிக்கும்போது அபிதா பக்கத்து பெஞ்சுக்காரி. அபிதா படிப்பை முடித்துக் கல்யாணமாகித் தோவாளைப் பக்கம் வயல்காட்டு ஊருக்குப் போனாள். ஷீஜா மேலே படித்து, திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தாள். அவள் ரத்தத்தையும் தொடுவதில்லை, எச்சிலையும் தொடுவதில்லை. இயந்திரம் படித்து அனுப்புகிற கோடிக்கணக்கான மரபணு எழுத்துகளைக் கணினியில் அடுக்கி, எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று தேடுவது அவள் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே செய்வாள்.

“மவ என்ன வேல பாக்கா அண்ணே?” என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் ரசலையன், “எவனோ துப்புனதுல குத்தம் கண்டுபிடிக்கிய வேல மக்கா. நமக்கு இரும்பு, அவளுக்கு எச்சி” என்பார்.

இப்போது கையிலிருந்த ஆராய்ச்சி, பிள்ளைகளின் தசையைக் கரைத்து நடையை முடக்கும் பரம்பரை நோய் பற்றியது. எழுத்துப்பிழை தாய், தகப்பன் இரண்டு பேரிடமும் இருந்தால் நாலில் ஒரு பிள்ளைக்கு நோய் வரலாம். ஒருவரிடம் மட்டும் இருந்தால் வராது. ஸ்ரீகுமாரின் தகப்பனார் கோலப்பன் தன் மகள் வயிற்றுப் பேரனை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தப் பையனைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது அவர்தான். அதனால்தான் ஷீஜா கேட்டவுடனே ஊரைக் கூட்டி முகாம் நடத்திக் கொடுத்தார். சமுதாயக்கூடத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குப்பி. கோடுவரை எச்சில் துப்பிக் கொடுக்க வேண்டும். பெயர்ச்சீட்டை ஷீஜாவே தன் கையால் ஒட்டினாள்.

முடிவு வந்தபோது ஸ்ரீகுமாரிடமும் பிழை, அபிதாவிடமும் அதே பிழை. சொந்தத்தில் கட்டியவர்கள்தானே, ஷீஜா சந்தேகப்படவில்லை. ஆராய்ச்சியில் கண்டதை ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் மறுபடி பார்க்காமல் வீட்டுக்காரர்களிடம் மூச்சு விடக் கூடாது என்பது சட்டம். ஆனால் அபிதா போனில், “ஏட்டி, எங்கிட்டயே மறைக்கியா?” என்று ஒரு வார்த்தை கேட்டாள். ஷீஜா சொல்லிவிட்டாள். பிள்ளைக்கு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கலாம், வா என்றும் சொன்னாள். அது யார் காதிலும் ஏறவில்லை. இன்னொரு பிள்ளையைத் தோளில் சுமக்கத் தன்னால் ஆகாது என்று கோலப்பன் படுத்துவிட்டார். நாளைக் காலை கர்ப்பத்தைக் கலைக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

இந்த நேரத்தில்தான், யார் யாருக்குச் சொந்தம் என்று கணக்குப் போடச் சொல்லியிருந்தார் ஷீஜாவின் பேராசிரியர். ஆண், பெண் சரிபார்ப்பையும் இந்தக் கணக்கையும் முதலிலேயே செய்திருக்க வேண்டும். எல்லாம் நம்ம தெரிஞ்ச ஆட்கள், சீட்டும் நான் ஒட்டியது, இதில் என்ன சோதனை என்று தள்ளிப் போட்டிருந்தாள்.

ஆய்வகத்தில் குப்பிகளைக் கையாளுகிற அஜினைப் போனில் கூப்பிட்டு, இரண்டு குப்பியையும் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். “குப்பி மாறிட்டா அஜின்?”

“இல்லக்கா. இப்பதான் ரெண்டையும் எடுத்துப் பாத்தேன். வேற வேற குப்பி, வேற வேற நம்பர். ரெண்டுலயும் கோடுவர இருந்திருக்கு. இங்க ஒண்ணும் மாறல்ல.”

இங்கே மாறவில்லை என்றால்?

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் யார் குறுக்கே வந்தார்கள், யார் திட்டினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்தபோது கோலப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்ரீகுமார் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஸ்ரீகுமார் அண்ணே, அபிதா குப்பியில துப்புனது ஆரு?”

அவன் துணியைக் கீழே போட்டான். “என்ன ஷீஜா, வந்ததும் வராததுமா?”

“ஆரு துப்புனா?”

“அது… நாந்தான்.”

ஷீஜா தலையில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“பின்ன என்ன செய்யச் சொல்லுத? அப்பா முன்வரிசையில இருக்காரு. அவரு முன்னால இவ எப்பிடித் துப்புவா? குப்பியப் பிடிச்சிட்டுத் தலையக் குனிஞ்சு நிக்கா. எம்பெண்டாட்டிதானே, எச்சி எச்சிதானேன்னு ரெண்டையும் நானே நெறச்சேன். வாயி வறண்டு போச்சு.”

“லே சவத்து மூதி!” கோலப்பன் நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தில் அது பின்னால் சாய்ந்தது. “எச்சி எச்சிதானா? அப்ப நாளைக்கு ஆஸ்பத்திரியில ஒனக்கா கலைக்கப் போறானுவ, லே?”

சத்தம் கேட்டு அபிதா உள்ளேயிருந்து வந்தாள். ஒன்றும் விளங்கவில்லை அவளுக்கு.

“அபிதா, உனக்கு அந்தப் பிழை இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியாது” என்றாள் ஷீஜா. “நான் பாத்தது அண்ணனத்தான். ரெண்டு தடவயும் அண்ணனத்தான்.”

அபிதா சுவரில் சாய்ந்தாள். “நான் துப்பல்லன்னு எனக்குத் தெரியுமேட்டி. அதுல என்ன இருக்குன்னு இருந்துட்டேன். ஒனக்குக் குப்பி நெறஞ்சாப் போதும்னு நெனச்சேன்.” பிறகு ஷீஜாவை நிமிர்ந்து பார்த்தாள். “நாளைக்குச் சாயங்காலம் நீ இதக் கண்டுபிடிச்சிருந்தா?”

கோலப்பன் விழுந்த நாற்காலியைத் தூக்கக்கூடத் தோன்றாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஆனால் ரத்தம் கொடுக்க மட்டும். ஷீஜா பேராசிரியர் முன்னால் போய் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கத்தவில்லை. இனிமேல் எந்தக் குடும்பத்தோடும் நீ பேசக் கூடாது என்றார், எல்லா முகாமையும் திரும்பச் சரிபார் என்றார். சரிபார்த்தாள். அந்த ஊரில் மட்டும் இன்னும் ஏழு பெண்கள் கணினியில் ஆண்களாக இருந்தார்கள். ஏழு பேர் புருஷன்மாரும் பொறுப்பாக இரண்டு குப்பி நிறைத்திருக்கிறார்கள். மாவட்டத்தில் இத்தனை பெண்களிடம் பிழை இருக்கிறது என்று எழுதி வைத்திருந்த கட்டுரை மொத்தமும் குப்பைக்குப் போனது.

அபிதாவின் ரத்த முடிவை ஆஸ்பத்திரிக்காரர்களே அவளிடம் சொன்னார்கள். பிழை இல்லை. பிள்ளைக்கு அந்த நோய் வராது. ஸ்ரீகுமார் தெருவுக்கே லட்டு கொடுத்தான்.

பேசக் கூடாது என்ற உத்தரவை மீறி ஷீஜா ஒரே ஒரு தடவை போனாள். அபிதா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். லட்டை எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். கோபமாகத் தெரியவில்லை.

“சந்தோஷந்தானே அபி?”

“சந்தோஷந்தான்.” கத்தியைக் கீழே வைத்தாள். “அன்னைக்கு நீ ஓடி வந்ததுக்கு முந்தின ராத்திரி, நான் இதுகிட்ட எல்லாஞ் சொல்லிட்டேன்டி. எனக்கு வேற வழியில்ல மக்கா, நீ போயிருன்னு. இப்ப அது உள்ள கெடந்து அசையுது.” வயிற்றில் கையை வைத்தாள். “இனி இதுகிட்ட நான் என்னன்னு பேச?”