காற்றில் பறந்த சிவப்பு நாடா

லொரெட்டா ப்ரூயிட்டுக்கு உட்காரத் தெரியாது. மொஹாவே என்ற அந்தப் பாலைவன ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். பர்ரிட்டோவை நின்றுகொண்டேதான் தின்பாள். காரைப் பூட்டிவிட்டு நாலு எட்டு போவாள், திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பாள். "அடுப்பை அணைச்சோமான்னு ராத்திரி பூரா எழுந்து எழுந்து போறா, பக்கத்துல மனுஷன் தூங்குறதா வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுத்தான் புருஷன் பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் போய்ச் சேர்ந்தான். போகட்டும், விட்டது சனி.

பழைய விமானங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவளை ராக்கெட் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய ராக்கெட் நேரே மேலே போகும், போனபடியே நேரே இறங்கித் தன் காலில் நிற்கும். நின்றால் மறுபடி பறக்கலாம். இறங்கும்போது மடங்கிய கால் விரியாவிட்டாலோ அத்தனை பேர் உழைப்பும் தீக்குழம்புதான். காலைக் கவனிக்கிற நாலு பேரில் லொரெட்டா ஒருத்தி, ஆளுக்கு ஒரு கால்.

வேலை நடக்கும்போது கால் தானாக விரிந்து யார் மண்டையையாவது உடைத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் ஒரு இரும்பு ஊசி செருகியிருக்கும். மறக்காமல் இருக்க அதில் சிவப்பு நாடா. சோதனைக்கு முன் ஊசியை உருவி எடுத்துவந்து, மணல்மூட்டைச் சுவருக்குப் பின்னால் நின்று நாலு பேரும் நாடாவைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் தலைவன் டுவைட் பற்றவைக்கச் சொல்வான்.

போன வாரம் அந்த நேரத்தில்தான் இவள் "நிறுத்து!" என்று கத்தினாள். ஏதோ ஒரு மரை தளர்ந்திருக்குமோ என்று சந்தேகம். எரிபொருளையெல்லாம் இறக்கிவிட்டுப் போய்ப் பார்த்தால் மரை கல்லாட்டம் இருந்தது. அதற்குள் பாலைவனக் காற்று கிளம்பி அன்றைய சோதனையே பாழ். டுவைட் முகம் மிளகாயாகச் சிவந்துவிட்டது.

"இன்னொரு தரம் சும்மா கத்தினே, ராக்கெட் பக்கமே உன்னை விடமாட்டேன். ஸ்டோர் ரூம்ல உட்கார்ந்து நட்டு போல்ட்டைப் பிரிச்சுக்கிட்டு இரு."

உட்கார்ந்து! அவளுக்கு அதைவிடத் தூக்கில் தொங்குவது மேல்.

இன்றைக்கும் காலையிலிருந்தே காற்று. ஊசியை உருவும்போது கண்ணில் மணல் அடித்தது. பிடித்து இழுத்தாள், கையோடு வந்தது, பையில் திணித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். எரிபொருள் ஏறி முடிந்தது. சுவருக்குப் பின்னால் நாலு கைகளும் உயர்ந்தன.

"சரி, நாலும் இருக்கு" என்றான் டுவைட்.

அடுத்த காலைக் கவனிக்கிற சூயி பக்கத்தில் நின்றான், அவன் நாடா ஊசியின் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இவளுடையது மட்டும் படபடவென்று பறந்தது. கையைக் கீழே இறக்கிப் பார்த்தாள். நாடாவின் முனை பிய்ந்திருந்தது. பையைத் துழாவினாள், மணல்தான் வந்தது. ஊசி வழியில் எங்கேயாவது விழுந்திருக்கலாம். காலிலேயே இருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை, நாடாவை எல்லோரும் பார்த்தாயிற்று.

"நிறுத்து! டுவைட், நிறுத்துய்யா!"

"ஐயோ, ஆரம்பிச்சுட்டாடா!" என்று சூயி தலையில் அடித்துக்கொண்டான்.

"என் கால்ல ஊசி இருக்கோன்னு பயமா இருக்கு. இங்க பாரு, வெறும் நாடா."

டுவைட் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தச் சொன்னான். எரிபொருள் இறங்கும் வரை லொரெட்டா சுவருக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கடைசியில் டுவைட்டே ராக்கெட்டண்டை போனான். திரும்பி வந்தபோது அவன் உள்ளங்கையில் ஊசி இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"உள்ளேதான் இருந்துச்சு" என்றான். "நாளைக்கு உன் காலைச் சூயி பார்த்துக்கட்டும்."

"பார்க்கட்டும்" என்றாள். தப்பு அவளுடையதுதானே, என்னவென்று வாயாடுவாள்?

மறுநாள் விடிந்ததும் ராக்கெட் எழும்பியது. மேலே கொஞ்சம் நின்றது, நெருப்பைக் கக்கிக்கொண்டே இறங்கியது, நாலு காலும் விரிந்தன. புழுதி அடங்கியபோது அசையாமல் நின்றுகொண்டிருந்தது. டுவைட் குழந்தை மாதிரி குதித்தான். எல்லோரும் கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள். லொரெட்டா மட்டும் சூயியின் மூடிய கையைப் பிடித்து விரலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப் பைத்தியக்காரி, அதான் இறங்கி நிக்குதே!"

"நிக்கட்டும். நீ ஊசியைக் காட்டு."